ஷிகோகு 88 கோயில் பாதயாத்திரை: தனியாகப் போகும் பெண்ணால் முழுச் சுற்றும் நடக்க இயலுமா?

தாமிரபரணிக்கரை:

அன்பர்களுக்கு வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கும், மதுரையிலிருந்து பழனிக்கும் பாதயாத்திரை போன பழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடப்பது இப்போதும் எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஆனால் அவையெல்லாம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து போனவை. வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் இருக்கும், யாராவது கூப்பிட்டுச் சோறு போடுவார்கள், களைத்து உட்கார்ந்தால் என்ன ஏதென்று விசாரிக்க ஆள் இருக்கும்.

ஜப்பானில் ஷிகோகு தீவைச் சுற்றி அமைந்துள்ள 88 கோயில்களை நடந்தே தரிசிக்கும் யாத்திரையைப் பற்றிப் படித்ததிலிருந்து, அதைத் தனியாக நடந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர், நடப்பவர்களுக்கு நாற்பது முதல் ஐம்பது நாள் ஆகும் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளோ, ஜப்பானியர்களிலேயே பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும்தான் சுற்றுகிறார்கள், நீங்களும் அப்படியே போய் வாருங்கள் என்கிறார்கள்.

நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. இரவில் எங்கே தங்குவது, ஒரு பெண் தனியாகப் போவது எந்த அளவுக்குப் பாதுகாப்பு, நம்மைப் போன்ற வேற்று மதத்தினர் அங்கே முறையாக வழிபட அனுமதி உண்டா, எவ்வளவு செலவாகும் என்பவை என் ஐயங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுச் சுற்றையும் ஒரே தடவையில் நடக்க முயல்வது அறிவுடைமையா என்பதை, நடந்து பார்த்தவர்கள் மனம் திறந்து சொல்ல வேண்டுகிறேன்.

நெடுவழி:

வணக்கம் அம்மா. வேலை நிமித்தமாக ஒசாகாவில் இருந்த ஆண்டுகளில், கிடைத்த விடுமுறைகளில் பகுதி பகுதியாக நடந்து அந்தச் சுற்றை முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும் என்ற விதி அங்கே கிடையாது. தொகுஷிமா, கோச்சி, எஹிமே, ககாவா என்ற நான்கு மாநிலங்கள் வழியாகப் பாதை போகிறது; இவற்றை முறையே மனம் விழிக்கும் களம், தவப் பயிற்சியின் களம், ஞானத்தின் களம், நிர்வாணத்தின் களம் என்று மரபில் சொல்கிறார்கள். ஓர் ஆண்டு ஒரு மாநிலம் என்று நடந்துவிட்டு, அடுத்த ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஜப்பானியர்களிடையே வெகு சாதாரணம். கோயில்தோறும் முத்திரையும் தூரிகை எழுத்தும் பெற்றுக்கொள்ளும் ஏடு ஒன்று உண்டு. அதில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கிக்கொள்ளலாம். ஆகவே தொகுஷிமாவில் உள்ள முதல் 23 கோயில்களை மட்டும் இம்முறை நடந்து பாருங்கள் என்பதே என் யோசனை.

கான்சாய் விமான நிலையத்திலிருந்து தொகுஷிமா நகருக்கு நேரடிப் பேருந்து உண்டு. கடற்பாலங்களைக் கடந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சேர்த்துவிடும். அங்கிருந்து சிறு ரயிலில் பந்தோ நிலையத்தில் இறங்கினால், முதல் கோயிலான ரியோசென்ஜி நடக்கும் தூரம்தான். வெள்ளை மேலங்கி, கோரைத் தொப்பி, கைத்தடி, முத்திரை ஏடு எல்லாம் அங்கேயே விற்கிறார்கள், சுமந்துகொண்டு போக வேண்டாம். முதல் பத்துக் கோயில்கள் வயல்களுக்கு நடுவே அருகருகே இருக்கின்றன; பத்தாவதான கிரிஹதாஜியில் 333 படிகள் ஏற வேண்டும் என்பதைத் தவிர இரண்டு நாளும் உலாப் போவதுபோலக் கழியும்.

இந்த இதத்தை நம்பிவிடக் கூடாது என்று சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன். பதினொன்றாம் கோயிலான ஃபுஜீதேராவின் பின்புறத்திலேயே மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாவதான ஷோசான்ஜி வரை சுமார் 13 கிலோமீட்டர், கடையே இல்லாத வழி. ஏறி இறங்கி மறுபடி ஏற வேண்டும். வேகமாக நடப்பவர்களுக்கு ஐந்து மணி நேரம், நிதானமாக நடப்பவர்களுக்கு எட்டு மணி நேரம்கூட ஆகும். யாத்திரிகர் உருண்டு விழும் இடம் என்ற பொருளில் ஒரு பெயரே இதற்கு உண்டு. முந்தைய இரவு ஃபுஜீதேராவுக்கு அருகிலேயே தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள். மலை இறங்கிய பின் தங்கும் இடங்கள் மிகக் குறைவு என்பதால் அந்த ஓர் இரவுக்கு மட்டுமாவது சில நாள் முன்பே இடம் பிடித்துவிடுவது அவசியம்.

அன்றாடத் திட்டத்தை ஆட்டிவைப்பது மாலை ஐந்து மணி. கோயில்களில் முத்திரை இடும் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்; தங்குமிடங்களிலும் அந்த நேரத்துக்குள் வந்து குளித்துவிட்டு ஆறு மணிச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மின்ஷுகு எனப்படும் குடும்ப விடுதிகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இணையத்தில் அவர்களைத் தேடிப் பயனில்லை, தொலைபேசியில்தான் பிடிக்க முடியும். ஓரிடத்தில், என் ஜப்பானிய உச்சரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவர்கள், பக்கத்து ஊர் விடுதி அம்மையார் பேசிய ஐந்தாம் நிமிடம் இடம் இருக்கிறது என்றார்கள். அதிலிருந்து, இரவு தங்கும் வீட்டிலேயே அடுத்த நாள் எங்கே போகிறேன் என்று வரைபடத்தில் காட்டி, அவர்களையே தொலைபேசச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யலாம், சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 8,000 முதல் 10,000 யென் வரை ஆகலாம். முத்திரைக் காணிக்கை 2024 ஏப்ரலில் 300 யென்னிலிருந்து 500 யென் ஆக உயர்ந்தது. 88 கோயில்களுக்கும் சேர்த்து 44,000 யென் என்பதைத் தனியாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு விடுதிகளும் கோயில்களும் பெரும்பாலும் ரொக்கம்தான் வாங்கும். நம் அட்டைகளுக்கு அஞ்சலக ஏடிஎம்களிலும் செவன்-இலெவன் கடைகளில் உள்ளவற்றிலும் பணம் கிடைக்கும்.

பாதையின் பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால் கனமான மலையேற்றக் காலணி காலை வேகவைத்துவிடும். விரல் முன்னால் இடிக்காதபடி சற்றுப் பெரிதான ஓட்டக் காலணி போதும். சாலைச் சுரங்கங்கள் சிலவற்றில் நடைமேடை இல்லை. ஒளி எதிரொளிக்கும் பட்டை ஒன்றைப் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

23ஆம் கோயிலான யாகுஓஜியைத் தாண்டினால், முரோதோ முனையில் உள்ள 24ஆம் கோயில் வரை சுமார் 75 கிலோமீட்டர் கடலோர நெடுஞ்சாலைதான். இடையில் எண்ணிட்ட கோயில் ஒன்றுகூட இல்லை. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல், எதிரே லாரி. தனிமை பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். யாகுஓஜியோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, அங்கே ஏறும் படிகள் பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 42, அதற்கு மேலே இருபாலருக்கும் பொதுவாக 61 என்று கண்டம் விலக வேண்டிய வயதுகளை ஒட்டி அமைந்தவை. படிக்கு ஒரு காசு வைத்து ஏறுவார்கள். உங்கள் வயதுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

கிள்ளான்வாசி:

அக்காவுக்கு வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நானும் சைவம், தனியாகவே நடந்தேன். நெடுவழி ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் பகுதி பகுதியாக நடப்பது ஜப்பானிலேயே குடியிருப்பவர்களுக்குத்தான் சரிப்படும். விமானச் சீட்டும் விசாவும் எடுத்து, வீட்டில் அத்தனை பேரையும் சமாதானப்படுத்தி ஒருமுறை கிளம்பிய பெண்ணுக்கு மறுபடி அதே வாய்ப்பு அமையும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முழுச் சுற்றையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள். நடக்கத் தகாத இடங்களில் பேருந்திலோ ரயிலிலோ ஏறிக்கொள்ளுங்கள். 21ஆம் கோயிலான தைரியூஜிக்கும், 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் 66ஆம் கோயிலான உன்பென்ஜிக்கும் கம்பிவட ஊர்தி உண்டு. 37க்கும் 38க்கும் இடையில் 80 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதில் பாதியைப் பேருந்தில் கடப்பவர்களை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மனிதர்களை நினைத்து நான் பயந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. சாலையில் வரும் வண்டிகளையும் வெயிலையும் வழுக்கும் சருகையும் நினைத்துத்தான் ஜாக்கிரதையாக இருந்தேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். யாத்திரிகர்களுக்காக இலவசமாக விடப்பட்ட கொட்டகைகளும் சிறு அறைகளும் வழியில் பல உண்டு. பூட்டோ, தனித் தடுப்போ இல்லாத இடத்தில் தெரியாதவர்களோடு இரவு தங்க வேண்டாம். பகலில் மழைக்கு ஒதுங்க அவை அருமையான இடங்கள். மலைப்பாதையில் மாமுஷி என்ற விஷப்பாம்பும், இலையுதிர் காலத்தில் பெரிய குளவிகளும் உண்டு. கறுப்பு உடை குளவியைச் சீண்டும் என்பார்கள், ஆகவே யாத்திரை வெள்ளையிலேயே இருங்கள். கோச்சி கடற்கரை ஊர்களில் ஆழிப்பேரலை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறிப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். தங்கும் வீட்டுக்குள் நுழையும் முன் அந்தப் பலகையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவ அவசரத்துக்கு 119, காவல் துறைக்கு 110.

சாப்பாடுதான் உண்மையான சோதனை. ஜப்பானியச் சமையலில் ஏறக்குறைய எல்லாக் குழம்புக்கும் அடிப்படையான தாஷி என்ற சாறு, காய்ந்த சூரை மீன் சீவலிலிருந்து எடுக்கப்படுவது. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும், உதோன் நூடுல்ஸ் குழம்பிலும், மிசோ சூப்பிலும் அது இருக்கும். கோச்சி மாநிலமே சூரை மீனுக்குப் பேர்போனது என்பதால் அங்கே இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். கோயில் விடுதி என்றால் சைவம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஷிகோகுவின் கோயில் விடுதிகள் பலவற்றில் மீன் பரிமாறுகிறார்கள். யாத்திரை முடிந்து நன்றி சொல்லப் போகும் கோயாசான் மலையில்தான் துறவியருக்கான சைவ உணவு விடுதிதோறும் கிடைக்கும்.

நான் செய்தது இதுதான். சாப்பாடு வேண்டாம், அறை மட்டும் போதும் என்ற பொருளில் "சுதோமாரி" என்று கேட்டுத் தங்கினேன். இல்லாவிட்டால் என்ன சமைத்துப் போடுவது என்று வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் தவிப்பு. இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் வெறும் சாதம், உப்பில் ஊறிய உமெபோஷி என்ற பழம் வைத்த சோற்று உருண்டை, தோஃபு, வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைக்கும். கடற்பாசி வைத்த உருண்டை பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் மீன் சாறு சேர்ந்திருக்கக்கூடும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை உறையின் மேல் பிடித்துப் பார்த்துவிடுங்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனால் வெறும் சாதம் விருந்தாகிவிடும்.

நீங்கள் சொன்ன தண்ணீர்ப்பந்தல் அங்கேயும் உண்டு, ஒசெத்தாய் என்ற பெயரில். யாத்திரிகருக்குக் கொடுப்பது, இந்த யாத்திரையின் நாயகரான கோபோ தைஷி என்ற துறவிக்கே கொடுப்பது என்பது ஊரார் நம்பிக்கை. எஹிமேயில் ஒரு பாட்டி ஓடும் சைக்கிளை நிறுத்தி இறங்கி, கூடையிலிருந்த ஆரஞ்சுகளில் நல்லதாக நான்கைப் பொறுக்கி என் இரு கைகளிலும் வைத்துவிட்டு, நான் பெயர் எழுதிய சீட்டை எடுத்துக் கொடுக்கும் வரை தலை குனிந்தபடியே நின்றார். கொடுப்பதை மறுக்கக் கூடாது. மீன் வைத்த உருண்டையைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டு, ஒசமெஃபுதா என்ற அந்தப் பெயர்ச்சீட்டைத் திருப்பிக் கொடுத்து வணங்கிவிட்டு, பின்னால் வரும் இன்னொரு யாத்திரிகருக்குத் தந்துவிடலாம்.

ஏட்டுச்சுவடி:

வழிபாட்டைப் பற்றிய கேள்விக்கு மட்டும் என் பங்கு. யார், எந்த மதம் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. இந்த யாத்திரையின் நாயகரான கோபோ தைஷி, துறவுப் பெயரால் கூகாய் (774–835), 75ஆம் கோயிலான ஜென்த்சூஜி இருக்கும் இடத்தில் பிறந்தவர் என்பது மரபு. 804இல் சீனம் சென்று, சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற குருவிடம் மந்திர வழிப் பௌத்தம் பயின்று திரும்பி, ஷிங்கோன் பிரிவை நிறுவினார். அந்தக் குருவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனம் போனவர். வறட்சிக் காலத்தில் காஞ்சிப் பல்லவ மன்னனுக்காக மழை வேண்டி வழிபட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஆகவே அக்கோயில்களில் நெருப்பு வளர்த்து ஹோமம் செய்வதையும், சரஸ்வதி பென்ஸைதென் என்ற பெயரில் வீற்றிருப்பதையும் கண்டு நீங்கள் திகைக்கத் தேவையில்லை.

முறை எளிது. வாயிலில் வணங்கிக் கைகழுவி, மணி அடித்து, மூலக் கோயிலிலும் தைஷி மண்டபத்திலும் ஒரு மெழுகுவத்தியும் மூன்று ஊதுவத்திகளும் ஏற்றி, சீட்டும் காசும் இட்டு, பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தைச் சொல்வார்கள். சூத்திரம் தெரியாவிட்டால் கைகூப்பி நின்றாலே போதும். மற்றவர் ஏற்றிய வத்தியிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாது, அவர்களுடைய வினையும் சேர்ந்து வரும் என்பார்கள். கோயிலை விட்டுப் போகும்போது மணி அடிப்பது ஆகாது. பாலத்தின் மேல் தடியை ஊன்றக் கூடாது. தைஷி ஒரு பாலத்தடியில் படுத்து இரவைக் கழித்தார் என்ற கதையால் வந்த வழக்கம் இது. அந்தத் தடி தைஷியே என்பதால், விடுதிக்கு வந்ததும் உங்கள் காலுக்கு முன் தடியின் நுனியைக் கழுவ வேண்டும்.

எமோன் சபுரோ என்ற செல்வந்தன் தைஷியை விரட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்பதற்காக அவரைத் தேடிப் பல சுற்று நடந்தும் காணாமல், திசை மாற்றிச் சுற்றியபோது கண்டான் என்று கதை. அதனால் லீப் ஆண்டுகளில் எதிர்த்திசையில் சுற்றினால் புண்ணியம் அதிகம் என்பார்கள். தனியாகப் போகும் உங்களுக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம். வழிக்குறிகள் பெரும்பாலும் வலமாகச் சுற்றுபவர்களுக்காக வைக்கப்பட்டவை. இந்தச் சுற்றை 280 முறை முடித்த நகத்சுகாசா மொஹெய் (1845–1922) நட்ட வழிகாட்டிக் கற்களில் விரல் நீட்டிய கை செதுக்கியிருக்கும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது விளங்கும்.

தாமிரபரணிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்டோபரில் கிளம்பலாம் என்று நினைக்கிறேன். நிறுத்துவதா தொடர்வதா என்பதில் நெடுவழி ஐயாவும் கிள்ளான் சகோதரியும் எதிரெதிராக நிற்கிறீர்கள், எனக்கோ இரண்டு பக்கமும் நியாயமாகப் படுகிறது. விசாவுக்குத் தங்கும் இடங்களின் பட்டியல் கேட்கிறார்களே, முன்பே தெரியாத இடங்களை எப்படி எழுதுவது? இரத்த அழுத்த மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன், அதைக் கொண்டுபோவதில் ஏதும் சிக்கல் உண்டா?

நெடுவழி:

மாத்திரையைக் கேட்டது நல்லதாயிற்று. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாத அளவு வரை சொந்த உபயோகத்துக்குத் தடையின்றிக் கொண்டுபோகலாம்; அதற்கு மேல் என்றால் கிளம்புவதற்கு முன்பே ஜப்பானிய சுகாதார அமைச்சகத்துக்கு விண்ணப்பித்து இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். முழுச் சுற்றுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் உங்களுக்கு அந்தச் சான்று அவசியம். மருத்துவரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் கையில் வைத்திருங்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு, வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

விசா விண்ணப்பத்தின் பயணத் திட்டத்தில் ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அந்தந்த இரவுக்கு எந்த ஊரை எட்டுவீர்களோ அங்குள்ள விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை எழுதுங்கள். முழுச் சுற்றுக்கான நாட்களோடு ஓய்வுக்கும் மழைக்கும் ஒரு வாரம் கூட்டிக் கேளுங்கள். போன பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். அக்டோபர் தொடக்கத்தில் புயல் வரும் வாய்ப்பு இன்னும் இருக்கும், நவம்பர் நடுவிலோ மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஆகவே அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, நவம்பரில் ஒவ்வொரு நாளும் சற்று முன்னதாகவே கிளம்பப் பழகிக்கொள்ளுங்கள்.

கிள்ளான் சகோதரி சொல்வதில் உள்ள நியாயத்தை மறுக்க முடியவில்லை. விசா, மாத்திரை, பணம் மூன்றையும் முழுச் சுற்றுக்கே தயார் செய்துகொண்டு போங்கள். திரும்பும் சீட்டை மட்டும் தேதி மாற்றத் தக்கதாக எடுத்துக்கொள்ளுங்கள். யாகுஓஜியைச் சேர்ந்த பிறகு அந்த ஊரிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். கால் கொப்புளம் ஆறியிருந்தால், முரோதோ வரையிலான இரவுகளுக்கு அந்த விடுதியிலேயே தொலைபேசச் சொல்லி இடம் பிடித்துக்கொண்டு தொடருங்கள். இல்லையென்றால் கோயிலுக்கு அருகிலேயே ஹிவாசா ரயில் நிலையம் இருக்கிறது, அங்கே ஏறினால் தொகுஷிமாவுக்கே திரும்பிவிடலாம்.